செம்பு, சாவி, கண்டக்டர் விசில்: நடந்த கதையை வாய்விட்டுச் சொல்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை பாய் விரிக்கிறோம். வருகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்து வருவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, தங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்வார்கள். அது நடந்த பிறகு தாங்கள் எப்படி வேறு ஆளாகிப்போனோம் என்பதையும் சொல்வார்கள். மற்றவர்கள் கேட்பார்கள். பாட்டு இல்லை, பரிசு இல்லை, பொன்னாடை இல்லை. புதிதாக வர நினைப்பவர்களும், தங்கள் ஊரில் இப்படி ஒன்று தொடங்க ஆசைப்படுபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

இதை ஏன் தொடங்கினீர்கள்?

ஒரு செம்புதான் காரணம். எங்கள் பாட்டி தண்ணீர் குடிக்கும் பித்தளைச் செம்பு. அதன் கழுத்தில் 'ரா. மீ.' என்று புள்ளி புள்ளியாக உளியால் பெயர் வெட்டியிருக்கும். அடிப்பக்கம் இன்னும் நான்கு எழுத்துகள் உண்டு. முதல் எழுத்து 'க' மாதிரி, கடைசி எழுத்து 'அ' மாதிரி, நடுவில் இருக்கும் இரண்டும் எங்களுக்குப் படிக்க வராது. அதுவும் யாருடைய இனிஷியலோ என்று விட்டுவிட்டோம்.

எங்கள் வீட்டில் ரா. மீ. என்று யாரும் கிடையாது. பாட்டியின் பெயரும் அது இல்லை. முப்பது வருஷம் அந்தச் செம்பு எங்கள் கண்முன்னால் இருந்தது. "யார் பாட்டி இது?" என்று ஒருவரும் கேட்கவில்லை. பாட்டி இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சித்திதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். பதில் சொல்ல ஆள் இல்லை.

அன்று இரவு வீட்டிலிருக்கும் மற்றப் பொருள்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அப்பாவின் ஹெச்எம்டி கைக்கடிகாரம், அம்மாவின் தையல் மெஷின், பரணில் கிடக்கும் ட்ரங்குப் பெட்டி. ஒன்றின் கதையும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். அடுத்த மாதமே அவர்களையும் நான்கு நண்பர்களையும் மாடிக்குக் கூப்பிட்டேன்.

வேறு எங்கேயும் இப்படி நடக்கிறதா?

நடக்கிறது. நியூயார்க்கில் 1997இல் ஜார்ஜ் டாஸ் கிரீன் என்ற நாவலாசிரியர் தன் வீட்டு வரவேற்பறையில் நண்பர்களைக் கூட்டி, சொந்தக் கதை சொல்லும் மாலை ஒன்றைத் தொடங்கினார். அவர் ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த நாள்களில் ஒரு வீட்டு முற்றத்தில் நண்பர்கள் இரவெல்லாம் கதை பேசுவார்களாம். கொசுவலையில் ஒரு ஓட்டை. அதன் வழியாக விட்டில் பூச்சிகள் உள்ளே வந்து விளக்கைச் சுற்றும். அந்த நினைவில் தன் அமைப்புக்கும் 'தி மாத்', அதாவது விட்டில், என்றே பெயர் வைத்தார். இன்று பல நாடுகளில் அவர்கள் மேடை போடுகிறார்கள். குறிப்புத்தாள் இல்லாமல், உண்மையாக நடந்ததை, தனக்கே நடந்ததைச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் விதி. நாங்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

இன்னொன்று, 2003இல் டேவ் ஐஸே என்பவர் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் வைத்த ஒரு சின்ன ஒலிப்பதிவு அறை. 'ஸ்டோரிகார்ப்ஸ்' என்று பெயர். அம்மாவும் மகனும், பழைய நண்பர்கள் இருவர், இப்படி ஜோடியாக உள்ளே போய் 40 நிமிடம் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் பேசுவார்கள். அவர்கள் சம்மதித்தால் ஒரு பிரதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போகும். நாடாளுமன்ற நூலகத்தில் ஒரு சாதாரணக் குடும்பத்தின் பேச்சு இருக்கிறது என்பதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

கதை மட்டும் சொன்னால் போதாதா? பொருள் எதற்கு?

பொருள் இல்லாமல் ஆரம்பித்தால் நாம் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறோம். "எங்க அப்பா ரொம்பக் கண்டிப்பானவர், ஆனா பாசமானவர்." இதை யார் வேண்டுமானாலும் யார் அப்பாவைப் பற்றியும் சொல்லலாம். அதே ஆள் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கையில் எடுத்தால், "தினமும் காலையில ஆறு மணிக்கு இதுக்குச் சாவி கொடுப்பார். ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னைக்கு என் கையில கொடுத்து, மறக்காம சாவி கொடுடான்னு சொன்னார்" என்று தொடங்குகிறார். இப்போது அது அவருடைய அப்பா மட்டும்தான்.

ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருக்கிறது. துருப்பிடித்து, வளைந்து கிடக்கும். 1945 ஆகஸ்ட் 6 காலையில் மூன்று வயதுப் பையன் ஒருவன் அதை வீட்டு வாசலில் ஓட்டிக்கொண்டிருந்தான். குண்டு விழுந்தது. அன்று இரவே அவன் இறந்துவிட்டான். அவனைத் தனியாகச் சுடுகாட்டில் விட அப்பாவுக்கு மனம் வரவில்லை. சைக்கிளையும் சேர்த்து வீட்டுத் தோட்டத்திலேயே புதைத்தார். 40 வருஷம் கழித்து, 1985இல், எலும்புகளைக் குடும்பக் கல்லறைக்கு மாற்றத் தோண்டியபோது சைக்கிளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அணுகுண்டு எத்தனை பேரைக் கொன்றது என்ற எண்ணிக்கையைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன், அது நினைவில் நிற்கவில்லை. அந்தச் சைக்கிளின் படத்தை ஒரே ஒருமுறை பார்த்தேன், இன்றுவரை மறக்கவில்லை.

இன்னொரு உபயோகமும் உண்டு. முதல் தடவை பேசுகிறவர்களுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாது. பொருள் இருந்தால் கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது. நடுக்கம் தானாகக் குறையும்.

என்னிடம் விலையுள்ள பொருளோ பழங்காலப் பொருளோ இல்லையே?

வேண்டவே வேண்டாம். எங்கள் மாடிக்கு இதுவரை வந்தவற்றில் சில: பிளஸ் டூ ஹால் டிக்கெட், ஒற்றைக் கொலுசு, தாயக்கட்டை, ஆஸ்பத்திரியில் குழந்தையின் கையில் கட்டிய பெயர்ப்பட்டை, பாதி எரிந்த மெழுகுவர்த்தி. குரோஷிய நாட்டின் ஜாக்ரெப் நகரில் முறிந்துபோன உறவுகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் 2010இலிருந்து நிரந்தரமாக இயங்குகிறது. பிரிந்தவர்கள் தங்களிடம் மிஞ்சிய பொருளைக் கதையோடு பெயர் சொல்லாமல் அனுப்புகிறார்கள். அங்கே ஒரு கோடரிகூட இருக்கிறது. விட்டுப்போனவரின் மேஜை நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பிளந்த கோடரி.

பொருள் தொலைந்துவிட்டது, அல்லது விட்டுவிட்டு வந்துவிட்டோம். நான் வரலாமா?

கட்டாயம் வாருங்கள். வெறுங்கையோடு வந்தாலும் சரி.

இலங்கையிலிருந்து வந்து இங்கே முகாமில் வாழும் ஒரு அம்மா ஒருமுறை சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து ஒரு இரும்புச் சாவியை எடுத்துவைத்தார். "இது எங்கட வீட்டுத் திறப்பு" என்றார். எங்களில் பலருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. யாழ்ப்பாணத்தில் சாவியைத் திறப்பு என்றுதான் சொல்வார்கள். 1995 அக்டோபர் 30 இரவு, வலிகாமத்தை விட்டு லட்சக்கணக்கானவர்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிப் பக்கம் நடந்த அந்த இடப்பெயர்வில் அவரும் இருந்தார். கூட்டத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சில அடிதான் நகர முடிந்ததாம். தண்ணீருக்குத் தவித்த பிள்ளைக்கு மழைத்தண்ணீரைக் குடை பிடித்துச் சேர்த்துக் கொடுத்ததைச் சொன்னார். வீடு இப்போது இல்லை. கதவும் இல்லை. "பூட்டிப்போட்டுத்தான் வந்தனான்" என்று இரண்டு தடவை சொன்னார். எதை எடுத்து வந்தோம் என்பதோடு எதை விட்டு வந்தோம் என்பதும் கதைதான் என்று எங்களுக்குக் காட்டியவர் அவர்.

அமிர்தசரஸில் 2017இல் திறந்த பிரிவினை அருங்காட்சியகத்தில் ஒரு பூவேலைச் சட்டையும் ஒரு தோல் பெட்டியும் அருகருகே இருக்கின்றன. 1947க்கு முன் நிச்சயமான ஒரு பெண்ணும் ஆணும் கலவரத்தில் தனித்தனியாகத் தப்பி ஓடியபோது அவள் எடுத்துவந்தது அந்தச் சட்டை, அவன் எடுத்துவந்தது அந்தப் பெட்டி. அகதி முகாமில் சாப்பாட்டு வரிசையில் இருவரும் மறுபடி சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஓடுகிற நேரத்தில் கை எதை எடுக்கிறது என்பதை யாரும் யோசித்துத் தீர்மானிப்பதில்லை. அதைக் கேட்பதற்காகவே நான் எத்தனை நேரமும் உட்கார்ந்திருப்பேன்.

என் வாழ்க்கையில் 'எல்லாவற்றையும் மாற்றிய தருணம்' என்று எதுவும் இல்லை. பிறகு என்ன சொல்வது?

அதிகமாக வரும் கேள்வி இதுதான். கேட்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல கதை வைத்திருப்பவர்கள்.

தருணம் என்றதும் விபத்து, மரணம், வெளிநாட்டுப் பயணம் என்று பெரிதாகத் தேடுகிறோம். அதனால் சின்னதாக இருப்பது கண்ணில் படுவதில்லை. நான் ஒரு வழி சொல்லித் தருவேன். ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். "அதுவரைக்கும் நான்..." என்று ஒன்று, "அன்னைக்கு அப்புறம் நான்..." என்று இன்னொன்று. இரண்டையும் நிரப்ப முடிந்தால் நடுவில் ஒரு தருணம் இருக்கிறது. நிரப்ப முடியாவிட்டால் அது வெறும் சம்பவம், வேறொன்றைத் தேடுங்கள்.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் தன் விசிலைக் கொண்டுவந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிது. இரவு கடைசி டிரிப். ஒரு வயதான பெண்மணியிடம் டிக்கெட்டுக்கு ஒரு ரூபாய் குறைந்தது. செக்கிங் வரும் என்ற பயத்தில், விளக்கே இல்லாத ஒரு நிறுத்தத்தில் அவரை இறக்கிவிட்டார். விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. பின் கண்ணாடி வழியாகப் பார்த்தால், அந்தப் பெண்மணி எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கதையில் நடந்தது அவ்வளவுதான். யாரும் சாகவில்லை, யாரும் திட்டவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஓய்வுபெறும்வரை சட்டையின் இடது பையில் சொந்தச் சில்லறை தனியாக வைத்திருந்தாராம். "அந்த ஒரு ரூபாய எத்தனை பேருக்குக் கொடுத்துட்டேன், அந்தம்மாவுக்கு மட்டும் கொடுக்க முடியல" என்றார். அதன் பிறகு அன்று மாடியில் வெகுநேரம் யாரும் பேசவில்லை.

அவரும் முதலில் என்னிடம் "எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல தம்பி" என்றுதான் சொன்னார். "பஸ்ஸில் ஏதாவது பொருள் இன்னும் உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டேன். விசில் வந்தது. விசிலிலிருந்து கதை வந்தது.

எழுதிவைத்துப் படிக்கலாமா?

வீட்டில் எழுதிப் பாருங்கள், தவறில்லை. மாடிக்கு வரும்போது தாள் வேண்டாம். தாளைப் பார்க்கிறவர் நம்மைப் பார்ப்பதில்லை. முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனதில் இருந்தால் போதும். நடுவில் என்ன நடந்தது என்பதை நீங்கள் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, அது உங்களுக்கு நடந்தது.

முன்னுரையை வெட்டிவிடுங்கள். எந்த ஊர், எந்த வருஷம், எத்தனை பேர் கூடப் பிறந்தவர்கள் என்று ஆரம்பித்தால் கதை பஸ் ஏறுவதற்கே மூன்று நிமிடம் ஆகும். பஸ்ஸிலேயே ஆரம்பியுங்கள்.

மேடையில் எனக்குத் தமிழ் சரியாக வராது. கொச்சையாகப் பேசலாமா?

இதற்கு நான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். தமிழ் பேசுகிற நமக்கென்றே உள்ள ஒரு சிக்கல் இது.

நமக்கு இரண்டு தமிழ். வீட்டில் ஒன்று, மேடையில் ஒன்று. நாலு பேர் முன்னால் எழுந்து நின்றதும் மேடைத் தமிழ் தானாக வந்து ஏறிக்கொள்கிறது. ஒருவர் தன் அக்கா வீட்டைவிட்டுப் போன இரவைச் சொன்னார். "எனது மூத்த சகோதரி அன்று இரவு இல்லத்தை விட்டு வெளியேறினார்" என்றார். யாரும் நிமிரவில்லை. நான் மெதுவாகக் கேட்டேன்: "அக்காவை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள்?" "பெரியக்கா." "அப்படியே சொல்லுங்களேன்." அவர் மறுபடி ஆரம்பித்தார்: "பெரியக்கா செருப்பக் கையில எடுத்துக்கிட்டு நடந்துச்சு, சத்தம் கேக்கக் கூடாதுன்னு." இரண்டாவது தடவைதான் எங்களுக்கு அந்த இருட்டு தெரிந்தது. 'சகோதரி'க்குச் செருப்பு கிடையாது, 'பெரியக்கா'வுக்கு உண்டு.

அதனால் நெல்லைத் தமிழ், கொங்குத் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சௌராஷ்டிரம் கலந்த மதுரைத் தமிழ், எதுவானாலும் உங்கள் அம்மாவிடம் பேசுகிற தமிழில் பேசுங்கள். வார்த்தை புரியாவிட்டால் பிறகு கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். 'கொச்சை' என்ற சொல்லை மட்டும் மாடிக்குக் கொண்டுவராதீர்கள்.

எவ்வளவு நேரம் பேசலாம்?

எட்டு நிமிடம். ஏழாவது நிமிடத்தில் ஒரு சின்ன மணி அடிப்போம்.

நினைவு பிசகினால்? நான் சொல்வது அப்படியே நடந்ததா என்று எனக்கே சந்தேகம்.

சந்தேகப்படுவது நல்லதுதான். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர் உல்ரிக் நைஸர், செய்தியை எங்கே, யாரோடு இருக்கும்போது, எப்படிக் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார். இரண்டரை வருஷம் கழித்து அதே கேள்விகளை 44 பேரிடம் மறுபடி கேட்டார்கள். அவர்களில் 11 பேர் முக்கிய விவரம் ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. ஆனால் பலர் உறுதியாக நம்பிச் சொன்னார்கள். தங்கள் கையெழுத்தில் இருந்த பழைய தாளைக் காட்டிய பிறகும் புதிய நினைவே அவர்களுக்கு உண்மையாகத் தெரிந்தது.

ஆகவே எங்கள் விதி இது: தெரிந்தே எதையும் சேர்க்காதீர்கள். மறந்துபோனதை "மறந்துபோச்சு" என்று சொல்லுங்கள். தம்பி வேறு மாதிரி சொல்வான் என்றால் அதையும் சொல்லுங்கள். "மழை பெய்ததுன்னு நான் நினைக்கிறேன், அம்மா இல்லைங்கிறாங்க" என்று ஒருவர் சொன்னபோது எனக்கு அந்தக் கதையின்மேல் நம்பிக்கை கூடியது.

பேசும்போது அழுதுவிட்டால்?

அழலாம். தண்ணீர் வைத்திருக்கிறோம், அவசரமில்லை. மணியும் அடிக்க மாட்டோம்.

ஆனால் ஒரு விஷயம். இப்போதும் இரவில் தூக்கத்தைக் கெடுக்கிற, நினைத்தால் உடம்பு நடுங்குகிற ஒன்றை முதல்முதலாக எங்கள் மாடியில் சொல்லாதீர்கள். நாங்கள் கேட்கத் தெரிந்தவர்களே தவிர, வைத்தியம் தெரிந்தவர்கள் இல்லை. கதையைப் பாதியில் நிறுத்தி வீட்டுக்குத் தனியாகப் போகிற ஒருவரை நினைத்து நான் கவலைப்பட்டிருக்கிறேன். அப்படியொரு பாரம் இருந்தால் முதலில் மனநல உதவியை நாடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். கதை காத்திருக்கும். இரண்டு வருஷம் கழித்து வந்து சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

என் கதையில் என் அண்ணி, மாமியார் எல்லாம் வருகிறார்களே?

வருவார்கள். தனியாக யாருக்கும் கதை கிடையாது. உயிரோடு இருப்பவரின் ரகசியம் என்றால் அவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். கேட்கத் தயக்கமாக இருக்கிறதென்றால் அந்தத் தயக்கமே பதில். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் "எங்க சின்ன நாத்தனார்" என்றாலே யாரென்று பாதித் தெருவுக்குத் தெரியும். மாடியில் கேட்டதை வெளியே போய்ச் சொல்வதில்லை என்று ஒவ்வொரு மாதமும் எல்லோரும் வாய்விட்டு ஒப்புக்கொள்கிறோம். படம் எடுப்பதும் இல்லை.

இறந்துபோன தாத்தாவின் கதையை நான் சொல்லலாமா?

தாத்தாவாக மாறிச் சொல்லாதீர்கள். அதைக் கேட்ட பேரனாக, பேத்தியாகச் சொல்லுங்கள். எங்கே உட்கார்ந்து சொன்னார், எந்த இடத்தில் நிறுத்தினார், அப்போது உங்களுக்கு என்ன வயது.

மறுபடி ஹிரோஷிமாதான் நினைவுக்கு வருகிறது. குண்டிலிருந்து தப்பியவர்களுக்கு வயதாகிக்கொண்டே போவதால், அந்த நகர நிர்வாகம் 2012இல் ஒரு பயிற்சியைத் தொடங்கியது. அந்தக் கொடுமையைக் கண்ணால் பார்க்காத தலைமுறையினர், பார்த்த ஒருவரிடம் நீண்ட காலம் பழகி, கேட்டு, அவர் சரிபார்த்த பிறகே அவருடைய அனுபவத்தைப் பார்வையாளர்களுக்குச் சொல்கிறார்கள். ஒருவர் கதையை ஏற்றுக்கொள்ள வருஷக்கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நம் வீட்டில் பத்துப் பதினைந்து ஞாயிற்றுக்கிழமைகளாவது ஒதுக்கலாம்.

நான் பேசப்போவதில்லை, கேட்க மட்டும் வரலாமா? கேட்பவர்களுக்கு என்ன வேலை?

பெரிய வேலை. உண்மையில் இந்த மாடியை நடத்துவது கேட்பவர்கள்தான்.

பாட்டிகள் கதை சொல்லும்போது "உம் கொட்டு" என்பார்கள், நினைவிருக்கிறதா? நாம் 'உம்' சொல்லாவிட்டால் கதை நின்றுவிடும். தூங்கிவிட்டோமா என்று பார்ப்பதற்கு மட்டும் அல்ல அது. எந்த இடத்தில் 'உம்' வேகமாக வருகிறது, எந்த இடத்தில் மெதுவாக வருகிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் பாட்டி கதையை இழுப்பதும் விடுவதும். சொல்பவரும் கேட்பவரும் சேர்ந்து நெய்தது அது.

2010இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசனும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை ஸ்கேன் கருவியில் பார்த்தார்கள். ஒரு பெண் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைத் தயாரிப்பு ஏதும் இல்லாமல் சொன்னார். அப்போது அவருடைய மூளையையும், பிறகு அந்தப் பதிவைக் கேட்டவர்களின் மூளையையும் படம்பிடித்தார்கள். சொன்னவரின் மூளையில் எழுந்த அசைவு கொஞ்சம் தாமதமாகக் கேட்டவர்களின் மூளையிலும் அதே இடங்களில் எழுந்தது. கதையை நன்றாகப் புரிந்துகொண்டவர்களிடம் அந்த ஒற்றுமை அதிகம். கேட்பவருக்குத் தெரியாத ரஷ்ய மொழியில் கதை ஓடியபோது அது காணாமல் போனது.

எங்கள் மாடியில் கேட்பவர்களிடம் கேட்டுக்கொள்வது மூன்று. அறிவுரை வேண்டாம். "எனக்கும் இப்படித்தான்" வேண்டாம். கதை முடிந்ததும் உடனே கை தட்ட வேண்டாம், மூச்சு விடும் நேரம் கொடுங்கள். பிறகு ஏதாவது கேட்கத் தோன்றினால் பொருளைப் பற்றிக் கேளுங்கள். "அந்த விசில் இப்ப எங்க வச்சிருக்கீங்க?" மாதிரி.

வீட்டுப் பெரியவர்களின் கதையை எப்படிப் பதிவு செய்வது?

"உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க" என்று மைக்கை நீட்டாதீர்கள். "என்னத்தச் சொல்ல, கஷ்டப்பட்டோம், உங்கள வளத்தோம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அஞ்சறைப்பெட்டியையோ வெற்றிலைச் செல்லத்தையோ முன்னால் வையுங்கள். யார் வாங்கினது, எந்தக் கடையில், வாங்கின அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள், இது நசுங்கினது எப்படி. நசுங்கலைப் பற்றி அவசியம் கேளுங்கள். எங்கள் அம்மாவின் தையல் மெஷின் மேசையில் ஒரு வெட்டு இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்ட பிறகுதான், எனக்கு முன் பிறந்து இறந்த ஒரு அண்ணனைப் பற்றி அம்மா முதல்முறையாகப் பேசினார்.

போன் போதும். விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும். குக்கர் விசில் வராத நேரமாகப் பாருங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், பேசுகிறவர் பெயர் மூன்றையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். அவர்கள் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள், மனதுக்குள் பத்து எண்ணுங்கள். முக்கியமானது அந்தப் பத்துக்குப் பிறகுதான் வரும். கோப்பைக் குறைந்தது இரண்டு இடங்களில் வையுங்கள். போனில் மட்டும் இருந்தால் போனோடு போய்விடும்.

கதையைச் சுருக்கமாக ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி, பொருளோடு சேர்த்துவிடுங்கள். செம்பு, டப்பா என்றால் உள்ளேயே போட்டுவைக்கலாம்.

பொருள் இருக்கிறது, கதைதான் தெரியவில்லை. அதைக் கொண்டுவரலாமா?

கொண்டுவாருங்கள். நானும் அப்படித்தான் ஒருமுறை பாட்டியின் செம்பைக் கொண்டுவந்தேன். எனக்குத் தெரிந்தது பாட்டியின் கையும் அந்தச் செம்பின் குளிர்ச்சியும் மட்டும்தான், அதைச் சொன்னேன். கேட்காமல் போனதையும் சொன்னேன்.

முடிந்ததும் ஒரு பெரியவர் செம்பை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். வேட்டி நுனியால் அடியைத் துடைத்தார். "இது எழுத்து இல்லப்பா, தமிழ் எண்ணு" என்றார். 'க' மாதிரி இருந்தது ஒன்று, 'அ' மாதிரி இருந்தது எட்டு. ௧௯௩௮. விரலால் தடவி எனக்குப் படித்துக் காட்டினார்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு.

பாட்டிக்குக் கல்யாணமானது 1951இல். செம்பு அதற்குப் பதின்மூன்று வருஷம் மூத்தது. அப்படியானால் அது பாட்டியின் சீர்ப் பாத்திரமாகப் புதிதாக வாங்கியதில்லை, யாரோ வைத்திருந்து கொடுத்தது. சித்திக்குப் போன் செய்து சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பாட்டியின் அம்மா வழியில் மீனாட்சி என்று ஒருவர் இருந்ததாகக் கேட்ட ஞாபகம் என்றார். நிச்சயமில்லை. பரமக்குடியில் அந்த வழியில் ஒரு பெரியம்மா இன்னும் இருக்கிறாராம், வயது தொண்ணூறுக்கு மேல். வருகிற ஞாயிற்றுக்கிழமை செம்பை எடுத்துக்கொண்டு போகிறேன்.